உட்கார்ந்து பார்ப்பவள்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு இடது பின்னங்கால் ஆடுகிறது, மேடம். பயப்படும்படி ஒன்றுமில்லை. திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். என் பக்கம் நீங்கள் குனியும்போதெல்லாம் அது லேசாக முனகுகிறது. உள்ளே வந்ததிலிருந்து அந்தச் சத்தம்தான் என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வியும் விழுந்தது. தொழில் புத்தி, எங்கே போனாலும் கூடவே வந்து தொலைக்கிறது.

சொல்கிறேன். சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உடம்பு ஓய்ந்துபோயிருக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போயிற்று. யார் அந்த பெஞ்சுகளைத் தேர்ந்தெடுக்கிறார்களோ தெரியவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தவரும் பக்கத்துக் கட்டிலில் படுக்கட்டும் என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

நானும் என் தங்கையும் பழைய நாற்காலிகளைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து விற்கிறவர்கள். தெருவில் கிடக்கிற எல்லாப் பழைய நாற்காலியும் இல்லை, டிசைனர் நாற்காலி. அப்படியென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வரைந்தவர் பேரைச் சொல்லி விற்கிற நாற்காலி. மூடிப்போன ஓட்டல்களிலிருந்து வரும். இடம் மாறுகிற கம்பெனிகளிலிருந்து வரும். வீட்டுப் பெரியவர் போன பிறகு, இடத்தை அடைக்கிறது என்று பிள்ளைகள் தள்ளிவிடுவதும் உண்டு. வரும்போது பார்க்கச் சகிக்காது. சிகரெட் வாடை, நாய் மயிர், யாரோ எந்தக் காலத்திலோ சிந்திய காப்பி, எல்லாம் அதில் குடியிருக்கும்.

வந்ததும் முதல் வேலை அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. வாங்குகிறவர்கள் நாற்காலியின் முகத்தைப் பார்ப்பார்கள், நாங்கள் அடியைப் பார்ப்போம். பிறகு தூரிகையால் இடுக்குகளில் இருப்பதையெல்லாம் வெளியே கொண்டுவர வேண்டும். தோலுக்குத் தண்ணீர் ஆகாது. சோப்பை நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் தொட்டுத் துடைத்து, நிழலில் காயவைத்து, மறுநாள் கிரீம் தடவ வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும். கையில் பொறுமை இல்லாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. எனக்குப் பொறுமை உண்டு. அதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

தோலும் தையலும் தங்கையுடைய வேலை. மரம், உலோகம், ரப்பர் என்னுடையது. அவள் வேலையில் நான் கை வைக்கமாட்டேன், என் வேலையில் அவள் மூக்கை நுழைக்கமாட்டாள். ஒருத்தி முடித்ததை இன்னொருத்தி திரும்பப் பிரித்துப் பார்ப்பதில்லை. 'ஆச்சா?' என்று கேட்டால் 'ஆச்சு' என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை. அப்படி இருந்ததால்தான் அக்காளும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழ் தொழில் செய்தும் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முடித்த நாற்காலி எதுவானாலும் தங்கை உட்கார்ந்து பார்க்காமல் வாசலைத் தாண்டாது. பேச்சுக்கு உட்காருவதில்லை. முதலில் பொத்தென்று விழுவாள். உடம்புப் பாரம் முழுவதையும் முதுகில் போட்டுச் சாய்வாள். பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பாள். அப்புறம் காலை மடக்கிக்கொண்டு ஒரு வாரப் பத்திரிகையைப் பிரித்தால், மதியம் முழுக்க அதிலேயே கிடப்பாள். வேலை நடக்கும்போது இப்படிக் கிடக்கிறாளே என்று நான் முணுமுணுத்தால், "குடும்பத்துல ஒருத்தியாவது உட்கார்ந்து சாப்பிட வேணாமாக்கா?" என்பாள். அவள் எழுந்து, சரி என்று தலையாட்டினால்தான் நாற்காலி விலைக்குப் போகும்.

அவள் எனக்குத் தங்கை மட்டும் இல்லை, மேடம். அப்பா முன்பே இல்லை. அம்மாவும் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே நான்தான். ஒருமுறை எனக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். நல்ல இடம். "தங்கச்சியும் கூடவே வருமா?" என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அதை அவளிடம் நான் சொல்லிக்காட்டியதே இல்லை. ஒரு தடவை தவிர. அதை அப்புறம் சொல்கிறேன்.

பல் டாக்டர் எங்களிடம் வந்தது அவருடைய அப்பாவின் நாற்காலியோடு. சாய்ந்து படுக்கும் வகை. வளைத்த பலகை, கறுப்புத் தோல், கீழே அலுமினியக் கால். நீங்கள் இப்போது ஓர் அறையில் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அதேதான். அந்த வகைக்கு ஒரு விசேஷம் உண்டு. முதுகுப் பலகையில் ஒரு திருகுகூட வெளியே தெரியாது. அதுதான் அதன் அழகு, அதன் விலையும் அதுதான். முதுகையும் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டிருப்பது வட்டமான ரப்பர் வில்லைகள். பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நாம் சாயும்போது அந்த ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதனால்தான் அவ்வளவு சுகமாக இருக்கும்.

வருஷங்கள் போனால் ரப்பர் செத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, அதே கறுப்பு, அதே வட்டம். நகத்தால் அழுத்தினால்தான் தெரியும். உயிருள்ள ரப்பர் நகத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மறுபடி எழும்பும். செத்த ரப்பரில் நகம்தான் மடங்கும். அதில் சாய்ந்தால் இன்றைக்குத் தாங்கும், நாளைக்கும் தாங்கும். ஒருநாள் முதுகு அப்படியே கழன்று பின்னால் போய்விடும், சாய்ந்தவரும் கூடவே போவார். ஆகவே இந்த வகை நாற்காலி வந்தால் ரப்பரை மாற்றாமல் யாரையும் உட்காரவிடக் கூடாது. இது எங்கள் தொழிலில் பாலபாடம்.

அந்த நாற்காலியின் இடுக்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் காம்பு கிடந்தது. நான்தான் கண்டெடுத்தேன். டாக்டரிடம் கொடுத்ததும் மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது எங்கப்பாவோடது. வீடு பூரா தேடினார். நீங்களே எங்கியாவது வச்சிருப்பீங்கன்னு நாங்க எல்லாரும் அவரைத்தான் திட்டினோம்."

கண் கலங்கியிருந்தது. தங்கை தையலை வைத்துவிட்டு எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். "நாற்காலிங்க அப்படித்தாங்க. வாங்கி வச்சுக்கும், வாயத் தொறக்காது," என்றாள். அவர் அழுதுகொண்டே சிரித்தார். அவ்வளவுதான், அங்கே ஆரம்பித்தது. அந்தக் காம்பைக் குப்பையோடு கூட்டித் தள்ளியிருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்கமாட்டோம்.

அதற்குப் பிறகு அவர் நாற்காலியைப் பார்க்க வந்தார். வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். அந்த வட்டாரத்தில் யாருக்குமே பல் வலி இல்லையோ என்று நான் நினைக்கும்படி எங்கள் பட்டறையிலேயே கிடந்தார். "அவசரமில்ல, மெதுவா செய்யுங்க," என்பார். எதையும் அந்தக் குரலில்தான் சொல்வார், வாயைத் திறந்து வைத்திருக்கிறவரிடம் 'கொஞ்சம்தான், முடிஞ்சிடும்' என்று சொல்கிற குரல். தங்கைக்கு அதுவரை பல் வலி என்று ஒன்று வந்ததே இல்லை. திடீரென்று அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சரிசெய்யப் போனவள் சினிமா பார்த்துவிட்டு வந்தாள்.

அவர் மேல் ஒரு குறை சொல்லுங்கள் என்றால் என் வாய் அடைத்துவிடும். நேற்றும் நீங்கள் கேட்டீர்கள், அவர் தங்கையைக் கைநீட்டி அடித்தாரா, ஏமாற்றினாரா என்று. ஒன்றும் இல்லை. டீ குடித்த தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். எனக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும், நான் உட்கார்ந்து வேலை செய்ய உயரமான முக்காலி ஒன்று வாங்கி வந்தார். குடிப்பாரா என்று விசாரித்தேன், குடிப்பதில்லை. வேறு தொடுப்பு ஏதாவது உண்டா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. தப்பான மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை சொல்லித் துரத்தியிருப்பேன், கொஞ்ச நாள் அழுதுவிட்டு அவளும் சரியாகியிருப்பாள்.

ஒருநாள் பட்டறையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், மூன்று பேரும். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"பண்ணிக்கோங்க. நான் என்ன குறுக்க விழவா போறேன்?"

"இவரு வேற ஊர்ல க்ளினிக் போடறாரு. வீடும் பார்த்தாச்சு. நீயும் எங்ககூட வந்துடணும். உன்ன விட்டுட்டு நான் போகமாட்டேன்."

அவர் சாப்பாட்டுக் கையோடு என் பக்கம் திரும்பினார். "மாடியில ஒரு ரூம் இருக்குக்கா. வெளிச்சம் நல்லா வரும். கீழ ஒரு ஷெட் கூட இருக்கு, பட்டறைய அங்க போட்டுக்கலாம். எல்லாம் பேசி வச்சிருக்கோம்."

உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதைவிட ஒரு மனிதர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது, மேடம். இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து, என்னை எங்கே வைப்பது என்று பேசி முடிவு செய்திருக்கிறார்கள். வெளிச்சம் பார்த்து ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள், நாற்காலிக்கு ஒதுக்குவதுபோல. அந்த வீட்டில் நான் என்னவாக இருப்பேன்? மாடியில் இருக்கும் அக்கா. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் அந்த ஒரு தடவை சொல்லிக்காட்டினேன். அவர் போன பிறகு சொன்னேன். உன்னால்தான் எனக்கு ஒரு வாழ்க்கை அமையவில்லை, உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்த சம்பந்தத்தைத் தட்டிக்கழித்தேன் என்று. அவள் அழுவாள், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

"நான் கேட்டேனாக்கா? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஹாஸ்டல்ல இருந்து படிச்சிருப்பேனே. உனக்குப் பிடிக்கலன்னுல்ல நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை வருஷத்தையும் அவள் ஒரு வாக்கியத்தில் தேவையில்லாததாக ஆக்கிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த அசதி இன்னும் போகவில்லை. எழுந்து நிற்பதே பெரிய வேலையாக இருந்தது. அந்த அசதியில்தான் யோசித்தேன்.

டெய்லரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக்கூடாது. எங்கள் பக்கத்துக் கடைக்காரர். ஆள் நல்ல பருமன். மதியம் சாப்பிட்டதும் கண் செருகிவிடும், மெஷினிலேயே தலையை வைத்துத் தூங்குவார். எங்களிடம் டாக்டருடையதைப் போலவே இன்னொரு நாற்காலி, பழுப்புத் தோல், ஓர் ஓட்டலிலிருந்து வாங்கிப்போட்டது கிடந்தது. இன்னும் கை வைக்காதது. முடிக்காத நாற்காலியில் தங்கை உட்காரமாட்டாள், அது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும். "டெய்லரண்ணே, சும்மா கிடக்குது, கொஞ்ச நாள் நீங்க சாஞ்சுக்குங்க," என்று கொடுத்தேன். மனிதர் உருகிப்போய்விட்டார்.

கொடுப்பதற்குமுன் அந்த ரப்பர் வில்லைகளின் விளிம்பைச் சுத்தம் செய்தேன். விளிம்பில் வருஷக்கணக்காகச் சேர்ந்த பிசுக்கு இருக்கும். பல சமயம் பசை போன பிறகும் அந்தப் பிசுக்குதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. நான் வேறொன்றும் செய்யவில்லை, சுத்தம்தான் செய்தேன்.

அவர் விழுந்ததும் நான்தான் முதலில் ஓடினேன். பின்னால் துணி மூட்டைகள் இருந்ததால் கழுத்துச் சுளுக்கோடு போயிற்று. கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "என் ஒடம்புக்கு எந்த நாற்காலி தாங்கும்? நல்ல பொருள ஒடச்சிட்டேனேம்மா," என்றார். பரவாயில்லை அண்ணே என்றேன். பழம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நீங்கள் சொல்லலாம். ஆகியிருக்கலாம் என்றும் சொல்லலாம். பின்னால் மூட்டைகள் இருப்பதை நாற்காலியைக் கொடுத்த பிறகுதான் நான் கவனித்தேன். விழுகிற உயரம் ஒன்றும் பெரிதில்லை, பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

டாக்டரின் நாற்காலியை அதற்குப் பிறகு எடுத்தோம். அதுதான் கல்யாணத்துக்கு அப்புறம் புது வீட்டுக் கூடத்தில் போடப்போவது. கண்ணும் கருத்துமாகச் செய்தோம் இருவரும். தங்கை தோலில் இருந்த ஒவ்வொரு சுருக்கத்தையும் கிரீம் வைத்து நீவிவிட்டாள். நான் பலகைக்கு மெல்லிசாக எண்ணெய் கொடுத்தேன். அலுமினியத்தில் முகம் தெரிந்தது. அப்படியொரு வேலையை நாங்கள் அதற்கு முன்பு செய்ததில்லை. புது ரப்பர் வில்லைகள் வாங்கி வைத்திருந்தோம். உங்கள் ஆட்கள் என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார்களே, உறை பிரிக்காமல், அவைதான்.

தங்கை கேட்டாள். "ரப்பர் மாத்தியாச்சாக்கா?"

"மாத்தியாச்சு."

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா?

மறுநாள் மதியம் அவள் உட்கார்ந்தாள். வழக்கம்போல் பொத்தென்று விழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை. நான் கிரீம் டப்பாக்களை மூடி வைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் வந்த ஒரு ஜோக்கை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். நல்ல ஜோக்தான், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அவள் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு நன்றாகச் சாய்ந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. நீங்கள் அந்த இடத்தைப் பார்த்தீர்கள். பட்டறையின் பின்பக்கம் தரை தாழ்ந்து போகும். இரும்புச் சாமான்களைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற இடம். இறங்குவதற்கு சிமெண்டுப் படி, விளிம்பில் இரும்புப் பட்டை அடித்திருக்கும். அவளுடைய முதுகு அந்த விளிம்பில் பட்டது. நான் தூக்கவில்லை. முதுகில் அடிபட்டவர்களை அசைக்கக் கூடாது. போர்வை எடுத்துப் போர்த்தினேன், ஆம்புலன்ஸுக்குப் பேசினேன், போன் பக்கத்தில்தான் இருந்தது. அவர்கள் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அக்கா, எனக்குக் கால் எங்க இருக்குன்னு தெரியலக்கா," என்றாள். "ஒண்ணுமில்லடா, அக்கா இருக்கேன்," என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது. பல் டாக்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. எனக்கு வேலை இருந்தது. துணி மாற்றினேன், வாயில் தண்ணீர் விட்டேன், புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். நர்ஸுகளே சொன்னார்கள், இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பார்கள் என்று.

அவள் தெளிவாகப் பேச ஆரம்பித்த அன்று பல் டாக்டரிடம் ஒன்று கேட்டாள். கீழே விழுந்ததில் கழன்ற ரப்பர் ஏதாவது இருக்கிறதா என்று. மனிதர் அது என்னவென்று தெரியாமலே ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். நான் அப்போது அவளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். நகம் மடங்கியது. இன்னொரு தடவை, வேறொரு இடத்தில் அழுத்தினாள். அங்கேயும் மடங்கியது.

"மாத்தியாச்சுன்னு சொன்னியே."

"ஆமா. சொன்னேன்."

அவரைப் பார்த்து, "அக்காவ வெளிய போகச் சொல்லுங்க," என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் பார்த்தார். நான் பாலை மேசைமேல் வைத்து மூடிவிட்டு வெளியே வந்தேன். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

காலையில் நீங்கள் என்னிடம் அன்பாகப் பேசினீர்கள். அதை நான் மறக்கவில்லை. "அந்த ஆளு மேல இருந்த கோவத்துல செஞ்சது, கடைசியில உங்க தங்கச்சி மேலயே விழுந்துடுச்சே. இதவிட உங்களுக்கு வேற தண்டனை வேணுமா?" என்றீர்கள். உங்கள் கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. அப்போது நான் தலையாட்டினேன். அசதியாக இருந்தது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. நான் கவனமில்லாமல் வேலை செய்கிறவள் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள், மேடம். முடித்த நாற்காலியில் முதலில் உட்காருவது யார்? எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தனை வருஷம் கண்ணால் பார்த்ததை நான் மறந்துபோவேனா? அது டாக்டருக்காக வைத்ததாக இருந்தால், அவர் உட்காரும் நேரமே வந்திருக்காது. அவர் மேல் எனக்கு என்ன கோபம்? அவர் விழுந்து கிடந்தால் அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதனால் எனக்கு என்ன ஆகப்போகிறது?

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அவள் எப்போதும் உட்காருவது ஜன்னல் ஓரத்தில், முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி. அன்றைக்கு நாற்காலி பட்டறைக்குப் பின்பக்கம், படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. "ஏங்க்கா இங்க போட்ட?" என்று கேட்டாள். "இங்கதான் இன்னிக்கு வெளிச்சம்," என்றேன். நான்தான் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டேன். நாற்காலிக்கும் படிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று தள்ளிப் போட்டுப் பார்த்தேன், கிட்டப் போட்டுப் பார்த்தேன். தலை படக்கூடாது, அதில் கவனமாக இருந்தேன். வீட்டில் அவளுடைய கட்டிலை மாடியிலிருந்து கீழறைக்கு அதற்கு முதல் நாளே இறக்கியாயிற்று. மெத்தை வெயிலில் காய வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவளும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.

கால் போகும் என்று நினைக்கவில்லை, சும்மா கொஞ்ச நாள் படுக்கையில் கிடப்பாள் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் எனக்கு நல்லது என்று நீங்கள் ஏற்பாடு செய்த வக்கீல் சொல்கிறார். சொல்லமாட்டேன். நடக்க முடியாதவளை யார் வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைத்தேன். இதில் நான் தப்புச் செய்தது ஒரே இடத்தில்தான். அந்த மனிதர் இப்போது புது வீட்டில் கதவுகளை அகலமாக்க ஆள் விட்டிருக்கிறாராம். வாசற்படியை இடித்துச் சரிவாகக் கட்டுகிறாராம். ஆஸ்பத்திரியிலேயே கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று விசாரிக்கிறாராம். வெளியே நின்ற போலீஸ்காரர்தான் சொன்னார். இப்படியும் ஒருவர் இருப்பார் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்கு என்ன தெரியும்? அவளுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். பாலில் ஆடை மிதந்தால் குமட்டும், கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே குடித்துவிடுவாள். வலித்தால் சொல்லமாட்டாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள், அதைப் பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்துப் புரியவைக்க முடியாது. கூடவே இருக்க வேண்டும். என்னை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள், ஆனால் முதலில் ஒரு நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மேடம். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும்.